ஷாஸ்டா டெய்சி: பனியைத் தாங்கும் செடி மழையில் ஏன் அழுகுகிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: ஊட்டி ஃபெர்ன்ஹில் பக்கம் வீடு. போன வருடம் பிப்ரவரியில் மஞ்சள் நடுவும் வெள்ளை இதழும் உள்ள ஷாஸ்டா டெய்சிப் பூச்செடியில் நான்கு கன்றுகள் வாங்கி நட்டார்கள். மே மாதம் நன்றாகப் பூத்தன. ஜூலை மழையில் இரண்டு செடிகள் நடுவில் கறுத்துச் செத்துவிட்டன. மீதி இரண்டும் டிசம்பர் பனியில் இலை கருகி, இந்த வருடம் பேருக்கு ஒன்றிரண்டு பூக்களோடு நின்றுவிட்டன. "எந்தக் குளிரும் தாங்கும், பல வருடம் இருக்கும்" என்று சொல்லித்தான் நர்சரியில் கொடுத்தார்களாம். எங்கே தவறு? இதையே காப்பாற்றலாமா, வேறு வெள்ளைப் பூச்செடிக்கு மாறலாமா?

நர்சரியில் சொன்னதில் பொய் இல்லை. பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஷாஸ்டா டெய்சி குளிருக்கு அஞ்சாது. மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகிற அமெரிக்க, ஐரோப்பிய ஊர்களில் மண்ணுக்கு மேலே இருப்பதெல்லாம் காய்ந்து விழுந்தாலும், தூர் மட்டும் உறைந்த மண்ணில் கிடந்து வசந்தத்தில் மறுபடி தளிர்க்கும். அதோடு ஒப்பிட்டால் ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவிலும் காந்தலிலும் விழுகிற உறைபனி இந்தத் தூருக்கு ஒரு பொருட்டே இல்லை. இதனால் தாங்க முடியாதது, தூரைச் சுற்றி வாரக்கணக்கில் வடியாமல் நிற்கும் ஈரம். உங்கள் நான்கில் இரண்டைக் கொன்றது அதுதான். மீதி இரண்டும் பூக்காததற்குப் பனியைத் தவிர வேறு காரணங்களும் உண்டு, கீழே வருகின்றன.

இது காட்டில் இயற்கையாக விளைந்த செடி இல்லை. லூதர் பர்பாங்க் என்பவர் கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் 1884-ல் தொடங்கி, சில ஐரோப்பிய டெய்சி இனங்களையும் ஜப்பானின் நிப்பான் டெய்சியையும் கலந்து, கழித்துக் கட்டித் தேர்ந்தெடுத்து, 1901-ல் வெளியிட்ட கலப்பினம். அந்த மாநிலத்துப் பனிமலையான ஷாஸ்டாவின் பெயரை இதற்கு வைத்தார். சாண்டா ரோசாவில் மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை வறண்டு கிடக்கும். பூத்துக் களைத்த செடி உலர்ந்த மண்ணில் ஓய்வெடுக்கும். நம் மலையில் நடப்பது நேர் எதிர். ஏப்ரல், மே மாதங்களில் பூத்து முடித்த கையோடு தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. பூத்த தண்டு ஒவ்வொன்றும் இயல்பாகவே அடிவரை காயக்கூடியது. மழையில் அது காயாமல் அழுகும். அந்த அழுகல் தண்டு வழியாகத் தூருக்குள் இறங்கும். பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற, வேரை அழுக்கும் பூஞ்சை மாதிரியான நுண்ணுயிரிகளுக்கு இதைவிட வசதியான வாசல் கிடையாது. ஆகவே ஊட்டியில் இந்தச் செடியை நிலைக்க வைப்பது என்பது, ஜூன் முதல் செப்டம்பர் வரை தூரை உலர வைக்கும் வேலைதான். மற்றதெல்லாம் சில்லறை.

முதலில், வாங்கியது எது?

டெய்சி என்ற பெயரில் மூன்று வெவ்வேறு செடிகள் மலையில் புழங்குகின்றன. சாலையோரத் தடுப்புச் சுவர்களின் இடுக்குகளில் தானாக முளைத்து, வெள்ளையாகப் பூத்து இளஞ்சிவப்பாக மாறும் பொடிப் பூ மெக்சிகன் டெய்சி. அதை நட வேண்டியதே இல்லை, தடுக்கத்தான் வேண்டும். அடித்தண்டு மரம்போல் முற்றி, இலை நன்றாகக் கிழிந்து, இடுப்புயரப் புதராக நிற்பது மார்கரிட் டெய்சி. அது குறுஞ்செடி, உறைபனியில் உண்மையாகவே சாகும். ஷாஸ்டாவின் அடியிலைகள் கரும்பச்சையாக, தடிப்பாக, நீண்டு, ஓரத்தில் மட்டும் பல் வைத்திருக்கும். மண்ணை ஒட்டி வட்டமாகப் படர்ந்து கிடக்கும். பூ ஒவ்வொன்றும் பெரும்பாலும் கிளை விடாத தனிக் காம்பில், ஆறு முதல் பத்து சென்டிமீட்டர் அகலத்தில் வரும். சில விதைப் பாக்கெட்டுகளில் இன்னும் கிரைசாந்திமம் மாக்ஸிமம் என்ற பழைய பெயர்தான் இருக்கும். இன்றைய பெயர் லியூகாந்திமம் சூப்பர்பம்.

இரகத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். இது நீண்ட பகலில் மொட்டு வைக்கும் செடி. ஜூன் மாதம் லண்டனில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வருடத்தின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. அதனால் வெளிநாட்டு விதைப் பட்டியலில் படத்தைப் பார்த்து ஆசைப்படும் உயர இரகங்கள் சில, இங்கே வந்ததும் இலையாகவே கொழுத்து நிற்கும். பராமரிப்பில் குறை தேடிப் பயனில்லை. 'ஸ்னோ லேடி' என்ற குட்டை இரகம் 25 முதல் 30 சென்டிமீட்டர்தான் வளரும். விதைத்த முதல் வருடமே பூப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. விதையிலிருந்து தொடங்க அதுவே பாதுகாப்பானது. 'அலாஸ்கா' 60 முதல் 90 சென்டிமீட்டர் உயரும், பூ பெரிது, ஆனால் பெரும்பாலும் இரண்டாம் வருடத்தில்தான் பூக்கும். 'பெக்கி' விதையில் ஒரே மாதிரி வராது, தூர் பிரித்துத்தான் பெருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவிலோ பக்கத்து ஊரிலோ நாலைந்து வருடமாகப் பூத்துக்கொண்டிருக்கும் தூர் ஒன்றைப் பார்த்து, கேட்டு, ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பகல் நீளத்திலும் இந்த மழையிலும் பிழைத்துக் காட்டியது அது. இரகப் பெயர் தெரியாவிட்டால் என்ன? வாங்கும்போது ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: மண்ணோடு வாங்காதீர்கள். வேரைத் தண்ணீரில் முழுக்கக் கழுவி, வெற்று வேராக எடுத்து வாருங்கள். கிக்குயு புல்லின் ஒரு கணு, புளியாரையின் ஒரு சின்னக் கிழங்கு தூருக்குள் ஒளிந்து வந்தால் போதும், அடுத்த வருடம் டெய்சியை அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. பக்கத்தில் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். உருளையைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்டது முதல் இன்றுவரை இங்கேயே இருக்கிறது. டெய்சியை அது தொடாது. ஆனால் டெய்சி வேரில் ஒட்டிய மண்ணில் சவாரி செய்யும்.

நடும் காலம் ஊருக்கு ஊர் மாறும்

கன்றுக்கு வேர் பிடிக்க ஆறு வாரம் வேண்டும். அந்த ஆறு வாரத்துக்குள் அடைமழையும் வரக்கூடாது, கடும்பனியும் வரக்கூடாது. ஊட்டி, கேத்தி, லவ்டேல் பகுதிகளில் தென்மேற்கு மழை தணியும் செப்டம்பர் பொருத்தமானது. நவம்பர் நடுவில் பனி இறங்குவதற்குள் வேர் ஊன்றிவிடும். தவறினால் பனி விலகும் பிப்ரவரி கடைசி. ஆனால் அப்போது நட்டால் அந்த வருடப் பூ குறையும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் வலுவானது. அங்கே செப்டம்பரில் நட்டு அக்டோபர், நவம்பரில் பறிகொடுக்க வேண்டாம், டிசம்பர் கடைசியில் அல்லது ஜனவரியில் நடுங்கள். கொடைக்கானலிலும் அக்டோபர், நவம்பர் மழை கனமானது, பனியும் உண்டு. அங்கே ஜனவரி கடைசி, பிப்ரவரி. நடுவட்டம், அவலாஞ்சி போல தென்மேற்கு மழை கொட்டித் தீர்க்கும் இடங்களில் நிலத்தில் நடுவதை விட்டுவிட்டு, மழை படாமல் கூரைக்கு அடியில் தொட்டியில் வைப்பதே புத்திசாலித்தனம்.

பாத்தி

முழு வேலையில் முக்கால் பங்கு இங்கேதான். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும், காற்று தடையில்லாமல் ஓடும் இடம் வேண்டும். மலையில் மத்தியானத்துக்கு மேல் மஞ்சு மூடிக்கொள்வதால் காலை வெயில் கிடைக்கும் கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தடி வேண்டாம். சுவரை ஒட்டி, ஓட்டுத் தண்ணீர் சொட்டும் கோட்டில் நடுவது நேரடிக் கொலை. நம் வீடுகளில் பூச்செடிக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கிறது.

நட நினைக்கும் இடத்தில் ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பிக் கடிகாரம் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்குள் வடிந்தால் நல்ல இடம். ராத்திரி முழுக்க நின்றால் அங்கே டெய்சிக்கு வேலை இல்லை.

நல்ல இடமாக இருந்தாலும் மேட்டுப்பாத்தி கட்டாயம். அகலம் ஒரு மீட்டர், உயரம் 20 முதல் 25 சென்டிமீட்டர். சரிவில் கட்டுவதானால் சரிவுக்குக் குறுக்காகப் போட்டு, பாத்தியின் மேல்பக்கத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். மேலிருந்து மண்ணுக்குள்ளேயே ஊறி வரும் தண்ணீரைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பாத்தி மேலே உலர்ந்து தெரியும், வேரடி ஊறிக் கிடக்கும். பாத்தியின் மேல்பரப்பு நடுவில் சற்று உயர்ந்து இருபுறமும் சரியட்டும்.

மண்ணை இளக்க, சதுர மீட்டருக்கு இரண்டு பாண்டு (கொத்தனார் சட்டி) கால் இஞ்ச் ஜல்லியைக் கலக்கலாம். மெல்லிய எம்-சாண்ட் வேண்டாம். அதிலுள்ள கல்தூள் களிமண்ணோடு சேர்ந்து இறுகி, வடிகாலை இன்னும் கெடுக்கும். தேங்காய் நார்க்கழிவும் இந்த மழையில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நிலப் பாத்திக்கு உதவாது.

அடுத்தது புளிப்பு. மலை மண்ணின் கார அமில அளவு (pH) பல இடங்களில் 4.5 முதல் 5.5 வரைதான். தேயிலைக்கு அது அமிர்தம். டெய்சிக்கு 6 முதல் 7 வரை வேண்டும். புளித்த மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரும்போடும் அலுமினியத்தோடும் பூட்டிக்கொண்டு வேருக்குக் கிடைக்காது, வேர் குட்டையாகவே நிற்கும். மண் பரிசோதனை செய்வதே சரி. செய்யாவிட்டால், தேயிலைக்காரர்கள் வாங்கும் அதே டோலமைட் சுண்ணாம்புப் பொடியைச் சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிராம் தூவி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள். மூன்று, நான்கு வாரம் ஆறப் போட்ட பிறகுதான் எருவும் நடவும். டோலமைட்டையும் சாண எருவையும் ஒரே நாளில் போட்டால் எருவின் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். நம் மண்ணில் மழை சுண்ணாம்பைக் கரைத்து இறக்கிக்கொண்டே இருக்கும், ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 100 முதல் 150 கிராம் மறுபடி வேண்டும். பக்கத்தில் அசேலியா, கமேலியா இருந்தால் அந்தப் பக்கம் தூவாதீர்கள். அவற்றுக்குப் புளிப்புதான் உயிர்.

அடியுரம் குறைவாகவே போடுங்கள். நன்றாக மக்கிய தொழு உரம் சதுர மீட்டருக்கு 4 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 50 கிராம். பத்து கிலோ எருவுக்கு 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, ஈரமாக்கி, நிழலில் ஈரச்சாக்குப் போட்டு இரண்டு வாரம் மூடி வைத்துப் பிறகு போட்டால், அழுகல் பூஞ்சைகளுக்கு முன்பே மண்ணில் அது இடம் பிடித்துவிடும். கேரட், கோஸ் தோட்டத்துக்கு வரும் கோழி எருவை இங்கே கொண்டுவராதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலை ஒரு முழம் வரும், காம்பு சாயும், பூ வராது, மழையில் முதலில் அழுகுவதும் அந்தக் கொழுத்த செடிதான். உங்கள் இரண்டு செடியும் இந்த வருடம் பூக்காததற்கு, பகல் நீளத்தோடு இதுவும் சேர்ந்திருக்கலாம். இலை அகன்று, கரும்பச்சையாக, தளதளவென்று இருக்கிறதா என்று பாருங்கள்.

நடுவதும் தண்ணீரும்

குட்டை இரகத்துக்கு 30, உயர இரகத்துக்கு 45 சென்டிமீட்டர் இடைவெளி. நெருக்கி நட்டால் முதல் மே மாதம் அழகாக இருக்கும், அதே வருட ஆகஸ்டில் காற்றோட்டம் இல்லாமல் மொத்தமும் போகும். தூரின் கழுத்து, அதாவது இலைகள் கிளம்பும் இடம், மண்மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலேயே நிற்க வேண்டும். பாத்தி மண் பிறகு அமரும்போது தூரும் சேர்ந்து இறங்கும் என்பதால் இந்த ஒரு சென்டிமீட்டரை முன்கூட்டியே விட்டு வைக்கிறோம். நட்டதும் வேரைச் சுற்றிக் கையால் அழுத்தி, ஒரு செடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒரு வாரம் பத்து நாளுக்கு நிழல்வலையோ பெரணி இலையோ வைத்து மறையுங்கள்.

விதையாக இருந்தால், ஆற்று மணலும் சலித்த மண்புழு உரமும் சம அளவில் கலந்த தட்டில் மேலாகத் தூவி, விதை மறைந்தும் மறையாமலும் மெல்லிய மணல் போட்டால் போதும். முளைக்க வெளிச்சம் உதவும். 15 முதல் 21 டிகிரியில் இரண்டு, மூன்று வாரத்தில் முளைக்கும். ஆறு இலை வந்ததும் பாத்திக்கு மாற்றலாம்.

தண்ணீர் தேவை டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் சதுர மீட்டருக்கு பத்து லிட்டர். பொதுவாக ஐந்து, ஆறு நாளுக்கு ஒருமுறை வரும். காலையில், மண்ணில் ஊற்றுங்கள்; இலைமேல் தெளிக்க வேண்டாம். மொட்டு வைக்கும் மார்ச்சில் தண்ணீர் தப்பினால் பூ சிறுக்கும். அந்த மார்ச்சிலேயே 17:17:17 கலப்புரம் சதுர மீட்டருக்கு 30 கிராம், அல்லது மண்புழு உரம் ஒரு கிலோ, ஒருமுறை மட்டும். ஜூனுக்குப் பிறகு எந்த உரமும் இல்லை. மூடாக்கு போடுவதானால் தூரைச் சுற்றி நான்கு விரல் இடம் வெறுமையாக விட்டு, மழைக்கு முன் அதையும் வாரி எடுத்துவிடுங்கள்.

மே கடைசி வாரம்

மழைக்கு முந்திய இந்த வாரத்தைத் தவறவிடுகிறவர்கள்தான் செடியை இழக்கிறார்கள். பூக்கும் காலத்தில் வாடிய பூவை மட்டும் கிள்ளி எறிந்தால் மொட்டைக் காம்புகள் நிற்கும். அடுத்த மொட்டு அல்லது பக்கக் குருத்து இருக்கும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் பூப்பு மூன்று, நான்கு வாரம் கூடுதலாக நீளும். மே கடைசியில், பூ இன்னும் பாக்கி இருந்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பூத்த தண்டுகள் அத்தனையையும் அடியோடு வெட்டுங்கள். மண்ணை ஒட்டிய அடியிலை வட்டத்தைத் தொடக்கூடாது. அடுத்த வருடச் செடி அதில்தான் இருக்கிறது. பழுத்த இலை, மண்ணில் படுத்துக் கிடக்கும் இலை, உள்ளே சிக்கிய சருகு எல்லாவற்றையும் விரலால் நீக்கித் தூரை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். மழை இல்லாத நாளின் காலையில் வெட்டினால், வெட்டுவாய் மாலைக்குள் உலர்ந்துவிடும். அடுத்த நாள் பூஞ்சையைத் தடுக்கும் ஒரு சதவீத போர்டோ கலவை தெளிக்கலாம்: மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 10 கிராமை இன்னொரு அரை லிட்டரிலும், இரண்டையும் பிளாஸ்டிக் பாத்திரத்தில், தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கி, அன்றே தெளித்துத் தீர்த்துவிட வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் விட்டு எடுத்தால் செம்பு படியக்கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அதே வாரத்தில் டிரைக்கோடெர்மா போடாதீர்கள், துத்தம் அதையும் கெடுக்கும். இரண்டு வார இடைவெளி விடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வாரம் ஒருமுறை அழுகிய இலை இருந்தால் எடுப்பதும், ஓடில்லா நத்தையைப் பிடிப்பதும்தான் வேலை. அது இரவில் குருத்தைச் சுரண்டும், சுரண்டிய இடத்தில் அழுகல் ஏறும். சாயங்காலம் பாத்தி ஓரத்தில் ஈரச்சாக்கை விரித்து வைத்துக் காலையில் புரட்டினால் மொத்தமாகக் கிடைக்கும். கடையில் விற்கும் நத்தை மருந்து நாய்க்கு விஷம்; நாய் உள்ள வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

பனி

உறைபனி கருக்குவது மேலிலையையும் இளமொட்டையும் மட்டுமே. கருகிய இலையை உடனே வெட்டுவது நம் வழக்கம், அதுதான் தப்பு. அந்தக் கருகல் அடியிலுள்ள குருத்துக்கு மறைப்பாக நிற்கட்டும். பிப்ரவரி கடைசியில் வெட்டுங்கள். வானம் தெளிவாக, காற்று அடங்கி இருக்கும் இரவுகளில் பள்ளத்தில்தான் பனி இறங்கும், அதனால் ஒரே காம்பவுண்டுக்குள்ளேயே மேட்டில் உள்ள செடி தப்பும், பள்ளத்தில் உள்ளது கருகும். தாவரவியல் பூங்காவில் செய்வதுபோல மிலார் (இலையோடு கூடிய செடிக்கிளைகள்) கொண்டு மூடினால் போதும். சூரியன் ஏறிப் பனி உருகியதும் மூடலை எடுத்துவிட வேண்டும். நாள் முழுக்க மூடியே வைத்தால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும்.

தூர் பிரித்தல்

பல வருடச் செடி என்றால் நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. இதன் தூர் வெளிப்பக்கமாகவே வளரும், நடு மரத்துப்போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நடாவிட்டால், மூன்றாம் வருடம் நடுவில் வழுக்கையும் ஓரத்தில் நாலு இலையும்தான் மிஞ்சும். நோயா மூப்பா என்று தெரிய, நடுக்குருத்து ஒன்றைப் பிடித்து இழுங்கள். பழுப்பாக, வழவழப்பாக, நாற்றத்தோடு கையோடு வந்தால் அழுகல். கட்டையாக, உலர்ந்து, வராமல் அடம்பிடித்தால் மூப்பு.

முதல் நாள் தண்ணீர் ஊற்றி, மறுநாள் முள்கொத்தால் தூரைச் சுற்றிலும் நெம்பி முழுதாக எடுங்கள். வேர் மேலாகவே இருக்கும், ஒரு சாண் ஆழம் போதும். வெளிவட்டத்தில் மூன்று முதல் ஐந்து குருத்தும் வெள்ளை வேரும் உள்ள துண்டுகளாகக் கத்தியால் பிரியுங்கள். நடுக்கட்டையை எறியுங்கள், பாவம் பார்த்து அதையும் ஒரு மூலையில் நடுவதால்தான் நோய் தங்குகிறது. வேரை நான்கு விரல் நீளத்துக்கு நறுக்கி, இலையைப் பாதியாகக் குறைத்து, லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து நடவேண்டும். ஒவ்வொரு தூருக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். பார்த்தீனியம் பட்டால் அரிப்பு வருகிறவர்களுக்கு இதன் சாறும் அரிக்கலாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற கோளாறுகள்

ஈரமண்ணிலேயே செடி வாடி நின்றால் வேர் அழுகல். ஓரத்தில் நல்ல குருத்து இருந்தால் அதை மட்டும் வெட்டி வேறு இடத்தில் நட்டுவிட்டு, பழைய குழியில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கரைத்து ஊற்றலாம். செத்ததை அது எழுப்பாது. தண்டடியில் வெள்ளைப் பஞ்சும் அதற்குள் எலிப்புழுக்கை போன்ற கறுப்பு மணிகளும் தெரிந்தால் அது ஸ்கிலிரோட்டினியா என்ற பூஞ்சை. கேரட், பீன்ஸ், கோஸ் எல்லாவற்றையும் தாக்குவதும் இதுதான். அந்த மணிகள் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். ஆகவே செடியோடு சுற்றியுள்ள ஒரு சாண் மண்ணையும் சேர்த்து எடுத்து, செடியை எரித்துவிடுங்கள், உரக்குழிக்குப் போகக்கூடாது. அடியில் கரடுமுரடாகக் கழலை கட்டினால் அது பாக்டீரியா. வைத்தியம் இல்லை, பிடுங்கி எரித்து, அந்த இடத்தில் ரோஜாவும் டெய்சியும் சில வருடம் வைக்காதீர்கள். பூவிதழ் பச்சையாகி இலைபோல் மாறினால் தத்துப்பூச்சி பரப்பும் ஃபைட்டோபிளாஸ்மா நோய். அதற்கும் பிடுங்குவதே வழி. இலைக்குள் வெள்ளைக் கோடு கிறுக்கும் புழுவுக்கு இலையைக் கிள்ளி நசுக்கினால் போதும். அசுவினிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சிறிது சோப்போடு.

ஜாடிக்கு வெட்டுவதானால் வெள்ளை இதழ் முழுக்க விரிந்து, மஞ்சள் நடுவின் வெளிவட்டம் மட்டும் மலர்ந்த நிலையில் வெட்டுங்கள். ஒரு வாரம் நிற்கும். வாசனையை எதிர்பார்க்க வேண்டாம், சொல்லப்போனால் நாற்றமே வரும். தினமும் தண்ணீர் மாற்றுங்கள்.

வேறு வெள்ளைப் பூவுக்கு மாறலாமா என்றால், அது இடத்தைப் பொறுத்தது. வடிகால் சோதனையில் தோற்ற இடமானால் வெள்ளை அகபந்தஸ் இதைவிட மழைக்குப் பொறுக்கும், பிரிக்காமல் நாலைந்து வருடம் விடலாம். அரை நிழலானால் ஜப்பான் அனிமோன், ஆனால் அது வேரோடிப் பரவும். எப்போதும் சதசதவென்று இருக்கும் மூலைக்கு ஆரம் லில்லி தானாகவே வரும். ஓடைக்கோ சதுப்புக்கோ தண்ணீர் வடியும் இடத்தில் மட்டும் அதை வைக்காதீர்கள். மலையின் ஈரநிலங்களை அது ஏற்கெனவே போதுமான அளவு பிடித்துவிட்டது.

உங்களிடம் இருக்கும் இரண்டையும் எறிய வேண்டாம். இப்போது ஆகஸ்ட். புது இடத்தில் குழி வெட்டி வடிகால் பாருங்கள், மழை விடும் ஒரு நாளில் மேட்டுப்பாத்தி எடுத்து டோலமைட்டைக் கலந்து வையுங்கள், எருவில் டிரைக்கோடெர்மாவையும் இப்போதே போட்டு மூடிவிடுங்கள். செப்டம்பர் மூன்றாம் வாரம் இரண்டு தூரையும் எடுத்துப் பிரித்தால் ஆறு முதல் எட்டுத் துண்டுகள் தேறும். பாதியைப் பாத்தியில் நடுங்கள். மீதியை 12 இஞ்ச் தொட்டிகளில், மண் இரண்டு பங்கு, எரு ஒரு பங்கு, கால் இஞ்ச் ஜல்லி ஒரு பங்கு என்ற கலவையில் நட்டு, தொட்டிக்கு அடியில் செங்கல் துண்டு வைத்துத் தூக்கி வையுங்கள். அடுத்த ஜூனில் தொட்டிகளை மழை படாமல் கூரைக்கு அடியில் நகர்த்திவிடலாம். இரண்டு மே மாதங்கள் பாருங்கள். வடிகால், வெயில், உரம் எல்லாம் சரியாக இருந்தும் இரண்டாவது மே மாதத்திலும் பூ வராவிட்டால் அந்த இரகம் இந்த ஊருக்கு ஆகாது. அதை எடுத்துவிட்டு, ஊட்டியிலேயே பூத்துக்கொண்டிருக்கும் தூரிலிருந்து புதிதாகத் துண்டு வாங்குங்கள்.